அடிக்காமல் விட்ட எண்

சொட்டுக்காரர் கண்ணாடிக் குழாயின் குமிழைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். மேசை மேல் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் ஒன்று மல்லாந்து கிடக்கிறது. அதிலுள்ள நான்கு குழிகளில் ஒன்றை, நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கிறது. விளிம்பு கசியாமலிருக்க கிரீஸ் தடவியாயிற்று. துளை வழியாகச் சிவப்புச் சாயம் கலந்த மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. குழி நிறைந்து கடைசிக் காற்றுக் குமிழி வெளியேறும் வரை பட்டறைக்குள் யாரும் பேசக் கூடாது, தும்மக் கூடாது. ரோட்டில் லாரி போனால் அதற்கும் ஒரு முறைப்பு உண்டு. "முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு," என்று முணுமுணுக்கிறார். பிறகு எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு அதே குழியை முதலிலிருந்து அளக்க ஆரம்பிக்கிறார்.

பார்ப்பவர்களுக்குப் பொறுக்காது. "ஏங்க, இப்பத்தானே அளந்தீங்க?"

"அது குழியை அளந்தது. இது என்னை அளக்கறது."

ஐம்பத்து நாலு வயது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்பு ஸ்கேலும் ஒரு பூதக்கண்ணாடியும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே அரை மணி நேரம் தேடுவார். அவருக்கு வேறு ஒரு பெயர் இருப்பது பாங்கிலும் வீட்டிலும் மட்டும்தான் தெரியும். பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள பட்டறைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொட்டுக்காரர்தான். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் வேலையைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்குகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

தொழில், பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் கட்டுவது. சொல்லப்போனால் எஞ்சினுக்குள் இடத்தைக் குறைப்பது. ஒரு சிலிண்டருக்குள் நானூற்று நாற்பது பங்கு காற்றும் பெட்ரோலும் வருகிறது என்று வையுங்கள். பிஸ்டன் மேலே ஏறி அதை நாற்பது பங்கு இடத்துக்குள் நசுக்குகிறது. பதினொரு மடங்கான இந்த நசுக்கலுக்குத்தான் கம்ப்ரஷன் என்று பெயர். மிச்சமுள்ள இடத்தை நாற்பதிலிருந்து முப்பத்தெட்டாக்கினால் வண்டிக்குக் கோபம் வரும், பறக்கும். ஆசைப்பட்டு முப்பத்து நாலாக்கினால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோல் தானாக வெடிக்கும். எஞ்சின் உள்ளிருந்து சுத்தியல் போட்ட மாதிரி தட்டும். கொஞ்ச நேரம் தட்டியபின் பிஸ்டன் உச்சியில் ஓட்டை விழும். அந்த நாலு பங்கு வித்தியாசத்தில்தான் சொட்டுக்காரரின் சோறு இருக்கிறது.

இடத்தைக் குறைக்க இரண்டு வழி. மேலே இருக்கிற ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிக் குழியின் ஆழத்தைக் குறைக்கலாம். அல்லது ஹெட்டைத் தொடாமல், உச்சியில் மேடு வைத்த பிஸ்டனைப் போடலாம். மேடு குழிக்குள் ஏறி இடத்தை அடைத்துக்கொள்ளும். சொட்டுக்காரர் ஹெட்டைச் சீவுகிற கட்சி. பிஸ்டன் அவருக்குத் தட்டைத் தலையாகத்தான் இருக்க வேண்டும். "நெருப்பு ஓடறதுக்கு வழி வேணும்ல? மேடு வச்ச பிஸ்டனைப் போடறது, நடு ஹால்ல பீரோவைப் போட்டுட்டுப் பிள்ளைங்களை ஓடி விளையாடுன்னு சொல்ற மாதிரி," என்பார்.

பிஸ்டன் வாங்கப் போகும்போது அவரைப் பார்க்க வேண்டும். வேண்டியது நாலு. கடைக்காரரைப் பன்னிரண்டு எடுத்துப் போடச் சொல்வார். பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து ஒவ்வொன்றாக நிறுப்பார். உச்சியில் விரலை ஓட்டுவார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், காதருகே வைத்து நகத்தால் சுண்டுவார். ஒரே எடையில் நாலு அகப்படவில்லையென்றால் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பிவிடுவார். "பொண்ணு பாக்க வந்த சம்பந்தி கூட இவ்வளவு நோண்ட மாட்டாங்க," என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவதாகக் கேள்வி.

இத்தனை ஒழுங்கான மனிதரிடம் ஒரு கோணல் உண்டு. ஹெட்டைச் சீவினால், எவ்வளவு சீவியது என்பதை அதன் பக்கவாட்டில் எண் பஞ்ச் என்கிற இரும்பு அச்சை வைத்து அடித்துவிடுவது தொழிலில் எல்லோரும் செய்கிற மரியாதை. அரை மில்லிமீட்டர் என்றால் 0.5, ஒரு மில்லிமீட்டர் என்றால் 1.0. நாளைக்கு அந்த ஹெட் எவன் கைக்குப் போனாலும், எண்ணைப் பார்த்துக் குழி சிறுத்திருப்பதைப் புரிந்துகொண்டு அதற்கேற்ற பிஸ்டனைப் போடுவான். சொட்டுக்காரர் மட்டும் அடிப்பதில்லை. தன் நோட்டில் எழுதி, நோட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

"அண்ணே, நம்பர் அடிச்சிடட்டுமா?" என்று ஹெட்டைச் சீவித் தருகிற லேத்துக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"வேணாம்."

"அடுத்தவன் கைக்குப் போனா அவன் திண்டாடுவானே?"

"நான் மண்டையை ஒடைச்சுக் கண்டுபிடிச்சதை அவன் நோகாம படிச்சிட்டுப் போகணுமாக்கும்? அதுவும் தவிர, என் ஹெட்டு ஏன்யா அடுத்தவன் கைக்குப் போகுது?"

அடுத்தவன் என்று அவர் சொல்லும்போது மனசில் ஒரே ஒரு முகம்தான். அந்த முகம் எதிர்ப்பட்டறையிலேயே இருந்தது. அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன். பத்து வயது இளையவர், அவரும் எஞ்சின் கட்டுகிறவர். ஒரே வீட்டில் பெண் எடுத்து, ஒரே தொழில் செய்து, ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை போட்டால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எரிவதற்கு அவரிடம் காரணம் ஏராளம். சகலை பட்டறைக்கு மாலை வெயில் கிடையாது, அவ்வளவும் சொட்டுக்காரர் பட்டறைக்குத்தான். சகலைக்கு நாற்பத்து நாலு வயதில் தலை கொள்ளாத முடி. சகலை விசிலடித்துக்கொண்டே வேலை செய்வார். அவர் கடை வாசலில் எந்நேரமும் நாலு பேர் சும்மா நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். சொட்டுக்காரர் கடை வாசலில் நிற்பவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, சகலை மேடு வைத்த பிஸ்டன் கட்சி என்பது. பெட்டியின் மேல் போட்டிருக்கிற எண்ணை நம்பி வாங்குவார். கையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்து, "இது ஓடும்ணே," என்பார். ஓடும். வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கிற மலைப்பாதைப் பந்தயத்தில் மூன்று வருஷமாக முதலில் வந்தது சகலை கட்டிய எஞ்சின். மூன்று வருஷமும் இரண்டாவது வந்தது சொட்டுக்காரர் கட்டியது. போன வருஷம் வித்தியாசம் ஒன்றரை வினாடி. அந்த ஒன்றரை வினாடி அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஆனால் ஆத்திரத்தை வெளியே காட்டமாட்டார். மரியாதையாகக் காட்டுவார். கல்யாணமான புதிதில் சகலையை "வாடா தம்பி, போடா தம்பி" என்று உரிமையோடு அழைத்தவர்தான். முதல் வருஷம் தோற்றதும் "வாப்பா" ஆயிற்று. இரண்டாம் வருஷம் "வாங்க தம்பி." மூன்றாம் வருஷம் "வாங்க, உக்காருங்க, தண்ணி சாப்பிடறீங்களா?" தன் புருஷனிடம் அவர் இப்படிப் பணிந்து பேசுவதைக் கண்டு தங்கை பயந்துபோய் அக்காவிடம் கேட்டாள், "அக்கா, அத்தானுக்கு எங்க மேல ஏதாவது கோவமா?" அக்காவுக்குத் தெரியாதா? "கோவம்னா திட்டுவாரே. இது வயித்தெரிச்சல்டி," என்றாள்.

இந்த வருஷம் கதை இன்னும் மோசமானது. பால்வண்டிக்காரர் கட்சி மாறினார்.

பால்வண்டிக்காரருக்கு விடிந்தால் பால் வண்டி, வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பந்தய வண்டி. பதினொரு வருஷமாக அவருக்கு எஞ்சின் கட்டிக் கொடுப்பது சொட்டுக்காரர்தான். அறுபது முடிந்தவர்களைப் பந்தயத்தில் சேர்ப்பதில்லை. அவருக்கு ஐம்பத்தொன்பதே முக்கால். ஒரு தரமாவது முதலாவதாக வந்து மாலை போட்டுக்கொள்ள இந்த வருஷத்தை விட்டால் வேறு வழியில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய பழைய காரின் சத்தம் தெருமுனையில் கேட்டது. சொட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். கார் வந்தது, வேகம் குறைந்தது, இந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பி சகலை கடைக்குள் மூக்கை நுழைத்தது. சொட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்ததற்குக் காரணம் வேண்டுமே என்று சுவரில் தொங்கிய காலண்டரைப் போய் நேராக்கினார்.

அன்று முதல் சோறு இறங்கவில்லை. வேவு பார்க்க ஆளனுப்ப வேண்டியதுமில்லை. அக்காவும் தங்கையும் நாளுக்கு மூன்று வேளை போனில் பேசுகிறவர்கள். ஒரு நாள் மாலை மனைவி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "தங்கச்சி வீட்டுல புதுத் திரை போட்டிருக்காங்க, பாருங்களேன். நல்லா இருக்குல்ல?"

திரை என்ன நிறம் என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது. படத்தில் திரைக்கு முன்னால் சாப்பாட்டு மேசை. மேசை மேல் ஒரு அட்டைப் பெட்டி, பக்கத்தில் நாலு புதுப் பிஸ்டன்கள். போனைத் தொடவே கூச்சப்படுகிறவர், வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பெட்டியின் மூலையில் எண் தெரிந்தது. நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"அவ்வளவு பிடிச்சிருக்கா? நம்ம வீட்டுக்கும் வாங்கலாமா?" என்றாள் மனைவி.

"ம்… வாங்கலாம், வாங்கலாம்."

அவர் மனசு வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண்ணுள்ள பிஸ்டனின் மேடு ஏழு பங்கு இடத்தை அடைக்கும். கம்பெனி ஹெட்டின் குழி நாற்பது. ஹெட்டுக்கு அடியில் விரிக்கிற கேஸ்கெட் தகட்டின் கனமும் ஓரத்து இடைவெளியும் சேர்த்து ஐந்தரை. நாற்பத்தைந்தரையில் ஏழு போனால் முப்பத்தெட்டரை. கம்ப்ரஷன் பதினொன்றரைக்கு ஒரு மயிரிழை கீழே. பந்தயத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே பீப்பாயிலிருந்துதான் பெட்ரோல். அந்தப் பெட்ரோல் பதினொன்றரை வரைதான் தாங்கும். "பாவி, சரியான பிஸ்டனாத்தான் எடுத்திருக்கான்," என்று வயிற்றில் ஒரு கரண்டி நெருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் நினைவு வந்தது. பால்வண்டிக்காரரின் காரில் இருப்பது கம்பெனியிலிருந்து வந்த குழி இல்லையே!

மூன்று வருஷத்துக்கு முன் பால்வண்டிக்காரரின் பழைய ஹெட் வெடித்துப்போயிற்று. மகளின் பிரசவத்துக்காக அவர் வெளியூர் போயிருந்தார். சொட்டுக்காரர்தான் பழைய இரும்புக் கடையில் வேறு ஹெட் தேடிப் பிடித்து, ஒரு முழு மில்லிமீட்டர் சீவி, தட்டைப் பிஸ்டனோடு மாட்டிக் கொடுத்தார். குழி நாற்பதில்லை, முப்பத்தாறு. எண் அடிக்கவில்லை. உலகத்தில் அது தெரிந்தவர் இரண்டே பேர், அவரும் லேத்துக் கடைக்காரரும். லேத்துக் கடைக்காரர் தொழிலை விட்டுவிட்டு வெளியூரிலுள்ள மகனிடம் போய்விட்டார்.

முப்பத்தெட்டரை இல்லை, முப்பத்து நாலரை. கம்ப்ரஷன் பன்னிரண்டரையைத் தாண்டும். மலை ஏறும்போது மூன்றாவது வளைவுக்குள் தட்ட ஆரம்பிக்கும். ஐந்தாவது வளைவில் புகை. தெருவே பார்க்கும். சகலை விசில் அடங்கும்.

அன்றிரவு சொட்டுக்காரர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலை குளிக்கும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் மனைவியிடம் "இந்தப் புடவை உனக்கு நல்லா இருக்கு" என்றார். அவள் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பட்டறையில் அவருடைய ஸ்டூல் இடம் மாறியது. முன்பு சுவரைப் பார்த்திருந்தது. இப்போது எதிர்க்கடையைப் பார்த்தது. சகலை விசிலடித்தால், "அடி, அடி," என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்பதே ஒரு சுகம்தானே? அந்தச் சுகத்தில் அவர் இளைத்த முகம் கூடச் சற்று உப்பியது.

நாலாம் நாள் பால்வண்டிக்காரர் தெருவைக் கடந்து வந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்று, செருப்பை ஒரு காலில் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"என் மேல வருத்தமா இருப்பீங்க."

"சேச்சே, எனக்கென்ன வருத்தம்? உங்க வண்டி, உங்க இஷ்டம். உக்காருங்க, தண்ணி சாப்பிடறீங்களா?"

அந்த மரியாதை பால்வண்டிக்காரரை நெளிய வைத்தது. "இதான் எனக்குக் கடைசி வருஷம். வீட்டுல அவ கூடச் சொன்னா, இத்தனை வருஷம் பழகினவரை விட்டுட்டுப் போறீங்களேன்னு. என்ன பண்றது, ஆசை விடலை. ஆனா ஒண்ணு, ஹெட்டை மட்டும் மாத்தக் கூடாதுன்னு கண்டிஷனாச் சொல்லிட்டேன். நீங்க தேடிக் குடுத்த ஹெட்டு. உங்க கை பட்டது ஒண்ணாவது வண்டியில இருக்கட்டும்."

சொட்டுக்காரர் கையில் இருந்த துணியை நாலாக மடித்தார்.

"உங்க சகலை ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. அந்த ஹெட்டைச் சீவியிருக்கா, இல்ல கம்பெனி அளவா? நம்பர் எதுவும் காணோமாம்."

கேள்வி நேராக வந்துவிட்டது. 'ஒரு மில்லி' என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எதிரே சகலை கடை வாசலில் யாரோ ஏதோ சொல்ல, நாலு பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். சகலையின் சிரிப்பு எல்லோருடையதையும் விடச் சத்தமாகக் கேட்டது. சொட்டுக்காரர் காதில் புகை வந்தது.

"கம்பெனியிலேர்ந்து வந்த மேனிக்கு அப்படியேதான் இருக்கு," என்றார்.

பால்வண்டிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். சொட்டுக்காரர் மடித்த துணியைப் பிரித்தார், மறுபடி மடித்தார். பொய்தான். அதனாலென்ன? தொழிலில் ரகசியம் இல்லையா? சகலை ஒரு தரம் மண்ணெண்ணெய் ஊற்றி அளந்தால் கால் மணியில் தெரிந்துவிடப் போகிறது. அளக்காமல் மாட்டினால் அது அவன் கொழுப்பு. அப்படித்தான் தனக்குத் தானே தீர்ப்பு எழுதி, கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் மனைவி சாப்பாட்டு அடுக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்துகொண்டே பேச்சையும் திறந்தாள்.

"இன்னிக்கு எஞ்சினை மூடறாங்களாம், தங்கச்சி சொன்னா. சாப்பிட்டதும் ஹெட்டை மாட்டிடுவாராம்."

"ம்."

"நீங்க அவரை என்னமோ நெனைக்கிறீங்க. அவரு உங்களைப் பத்தி என்ன சொன்னாராம் தெரியுமா? குழியை அளக்கறதுக்கு எல்லாம் எடுத்து வச்சாராம். பால்வண்டிக்காரரு வந்து நீங்க சொன்னதைச் சொன்னதும், அத்தனையும் எடுத்து உள்ளே வச்சிட்டாராம். 'அண்ணன் வாயால சொன்னா அளந்த மாதிரி. அதுக்கு மேல நான் ஊத்திப் பாத்தா அவரை நம்பாத மாதிரி ஆயிடும்'னு சொன்னாராம்." அவள் கரண்டியால் சோற்றைத் தட்டில் போட்டாள். "அப்படி மதிக்கிற மனுஷனைப் போய் வாங்க போங்கன்னு கொல்றீங்களே."

சொட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். அது வாயிலேயே நின்றது. அவன் ஏன் அளக்காமல் விட்டான்? கொழுப்பில் விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மூன்று வருஷமாகத் திட்டித் தீர்த்த ஒருவன், திட்டு வாங்க வேண்டிய நேரம் பார்த்து நல்லவனாகப் போய் நிற்கிறான். இதிலும் முந்திக்கொண்டானே என்று அதற்கும் ஒரு வயிற்றெரிச்சல் வந்தது.

"அப்புறம் சாப்பிடறேன், மூடி வை," என்று எழுந்தார்.

மேசையில் காலையில் அளந்த ஹெட் கிடந்தது, வேறு யாருடையதோ. கை சும்மா இருக்க வேண்டாமே என்று குழியை மறுபடி அளந்தார். முப்பத்தெட்டு புள்ளி நாலு. துடைத்துவிட்டு அளந்தார். முப்பத்தெட்டு. மூன்றாம் முறை முப்பத்தெட்டு புள்ளி ஏழு. காலையில் இரண்டு தரம் அளந்தபோதும் புள்ளி இரண்டு வந்த குழி. பதினேழு வயதிலிருந்து இந்த வேலை செய்கிறார். ஒரே குழி இத்தனை அளவு காட்டி அவர் பார்த்ததில்லை. குழாயின் குமிழைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார்.

மனைவி அடுக்கை மூடியபடி அவரையே பார்த்தாள். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தார். நோட்டுக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்த எண் பஞ்ச் பெட்டி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து பூஜ்யம் முதல் ஒன்பது வரை பளபளப்புக் குறையாமல் கிடந்தன. ஒன்றும் பூஜ்யமுமாக இரண்டு பஞ்சை எடுத்துக்கொண்டார். புள்ளி வைக்கக் கூர் முனைப் பஞ்ச் ஒன்று. சின்னச் சுத்தியல் ஒன்று.

தெரு இருபது அடி அகலம்தான். அதைக் கடக்க அவருக்கு அன்று நெடுநேரம் ஆயிற்று. நடுவில் ஒரு பஸ் வந்தது. நின்று, அது போகட்டும் என்று வழிவிட்டார். இன்னொரு பஸ் வந்தால் தேவலை போலிருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சகலை பிஸ்டன் மேட்டிலிருந்து நாலு பங்கைச் சீவித் தள்ளுவான். அளவு பதினொன்றரைக்கு வந்து நிற்கும். ஐந்து வளைவும் பாடிக்கொண்டே ஏறும். நாலாவது வருஷமும் அவன்தான். பால்வண்டிக்காரர் மாலையோடு நிற்கிற போட்டோவில் அவன் தோளில்தான் கை போட்டிருப்பார். அந்த போட்டோவைத் தங்கை அக்காவுக்கு அனுப்புவாள். அக்கா அதைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டுவாள். இத்தனையும் தெரிந்தும் கால் நடந்தது.

சகலை கடையில் எஞ்சின் ஒரு இரும்புத் தாங்கியில் நின்றது. கேஸ்கெட் விரித்தாகிவிட்டது. உச்சியில் நாலு பிஸ்டன்களின் மேடுகளும் தெரிந்தன. சொட்டுக்காரர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்துவிட்டார். மேட்டின் கூர்விளிம்புகளை எல்லாம் சகலை கையாலேயே தேய்த்து உருட்டி வழவழப்பாக்கியிருந்தார். கூர் இருந்தால் அது சூடேறிப் பெட்ரோலை முன்கூட்டியே பற்ற வைத்துவிடும், அதற்காக. நாலும் ஒரே உருண்டை, ஒரே மினுக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாங்கண்ணே, வாங்க வாங்க!" சகலை முகமெல்லாம் பல். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. உங்க ஹெட்டு, நீங்களே எடுத்துக் குடுங்க, மாட்டிடுவோம்."

மூலையில் உட்கார்ந்திருந்த பால்வண்டிக்காரர் பாதி எழுந்து நின்றார். ஹெட் பக்கத்து மேசையில், சுத்தமாகத் துடைத்து, மாட்டுவதற்குத் தயாராக இருந்தது.

"நீ கொஞ்சம் தள்ளுடா," என்றார் சொட்டுக்காரர்.

சகலையின் விசில் உதட்டிலேயே நின்றுவிட்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்த 'டா'. அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

சொட்டுக்காரர் ஹெட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். எண் இருக்க வேண்டிய வெற்றிடத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். 1 என்ற பஞ்சை நிறுத்தி ஒரு அடி. கூர் முனையை வைத்து ஒரு புள்ளி. சகலை குனிந்து பார்த்தார். ஒன்று, புள்ளி. அந்த இரண்டு குறி போதும் அவருக்கு. முகம் வெளுத்தது. கண்கள் மெதுவாக எஞ்சினுக்குப் போய், நாலு மேடுகளையும் பார்த்துவிட்டு, சொட்டுக்காரரிடம் திரும்பி வந்தன.

"என்ன அது? என்ன அடிக்கறீங்க?" என்றார் பால்வண்டிக்காரர்.

மிச்சம் பூஜ்யம் ஒன்றுதான். சொட்டுக்காரர் பஞ்சை வைத்தார். பஞ்ச் நழுவி மேசையில் உருண்டது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி சரிந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நின்றார்.

சகலை பஞ்சை எடுத்தார். புள்ளிக்குப் பக்கத்தில் நேராக நிறுத்தி, வெறும் கையால், மூன்று விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். விரல்களுக்கு மேலே அரை அங்குலம் இரும்புதான் மிச்சம் தெரிந்தது.

"அடிங்கண்ணே," என்றார்.

சொட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தியலை ஓங்கினார்.